முதல் தரத் தகரக் கொட்டகை

சான் ஹிலாரியோவில் நில உபயோகத் திட்டமிடல் மற்றும் பாரம்பரியத் துறையின் அலுவலகம் ஒரு பழைய கன்னியர் மடத்தின் மாடியில் இருந்தது. அந்த முழுப்பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. "பாரம்பரியம்" என்றால் போதும். மடத்துக் கூரை மழைக்கு ஒழுகும். பழைய கட்டிடம் என்பதால் அதைப் பழுது பார்க்கத் துறையின் அனுமதி வேண்டும். துறை துறைக்கு விண்ணப்பித்தது. மூன்று வாரம் கழித்து, நான்காவது நகல் இணைக்கப்படவில்லை என்ற குறிப்போடு விண்ணப்பம் திரும்பி வந்தது. குறிப்பை எழுதியவள் எதெல்வினா ஸாரத்தே. நான்காவது நகல் உண்மையிலேயே இல்லை.

எதெல்வினா அங்கே இரண்டாம் நிலைத் தொழில்நுட்ப உதவியாளர். ஆர்க்கிடெக்ட் அல்ல, வரைபடம் வரைய இரண்டு வருஷம் படித்தவள். காலை எட்டு மணிக்கு அளவு நாடாவும் எழுதும் அட்டையுமாகக் கிளம்பி, பழைய நகரத்தின் அறுநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் எது ஒரு சாண் உயர்ந்திருக்கிறது, எதற்கு நேற்று வரை மரமாக இருந்த ஜன்னல் இன்று அலுமினியமாகியிருக்கிறது என்று பார்த்து வருவாள். அவள் தெருமுனையில் தெரிந்ததும் கொத்தனார்கள் ரேடியோவை அணைப்பார்கள். சிமெண்ட் மூட்டைகள் மேல் போர்வை ஏறும். ஊர் அவளுக்கு வைத்த பெயர் தோன்யா கூடாது, அதாவது 'கூடாது அம்மாள்'. மளிகைக்கடைக்காரி ஒருமுறை வாய் தவறி, "வாங்க தோன்யா கூடாது" என்று சொல்லி நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதெல்வினா கோபப்படவில்லை. குடும்பப் பெயர் ஸாரத்தே என்று மட்டும் திருத்திவிட்டு அரைக் கிலோ சர்க்கரை கேட்டாள்.

அவளுக்கு ஒரு கல்யாணம் நிச்சயம் வரை போய் நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் மாமா கட்டிய மூன்றாம் மாடிக்கு அவள் தடை நோட்டீஸ் ஒட்டியதால்தான் அது முறிந்தது என்று ஊரில் சொல்வார்கள். அது தவறு. நோட்டீஸ் ஒட்டியது நிச்சயம் முறிந்து ஒன்பது நாள் கழித்து. தேதி கோப்பில் இருக்கிறது.

அவள் குடியிருந்தது எழுபதுகளில் கட்டிய ஒரு காங்கிரீட் கட்டிடத்தில், வாடகைக்கு. அதற்குப் பாரம்பரிய மதிப்பு எதுவும் கிடையாது. மழைக்கு ஒழுகாது.

அவள் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய தவறு 1994-ல் நடந்தது. அப்போது அவளுக்கு இருபத்து நாலு வயது, வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம். பழைய நகரத்து வீடுகள் அத்தனைக்கும் தரம் பிரித்து அட்டை போட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மூன்று மாதம் தவணை, ஒரே டைப்ரைட்டர். முதல் தரம் என்றால் ஒரு ஆணியைக்கூடத் தொடக் கூடாது. நான்காம் தரம் என்றால் எப்போது வேண்டுமானாலும் இடித்துக்கொள்ளலாம். ஆர்க்கிடெக்டுகள் குறிப்பெழுதிக் கொடுத்தார்கள், அவள் தட்டச்சு செய்தாள்.

ரொட்டியடுப்புத் தெருவில் நாற்பத்தொன்றாம் எண் ஒரு பழைய பிரபு வீடு. அதையொட்டிய நாற்பத்து மூன்று, கசியானோ யாங்கே என்பவரின் லாரிப் பட்டறை: ஒரு மண்சுவர், ஐந்து யூக்கலிப்டஸ் கம்பம், மேலே தகரம். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எதெல்வினா இந்த இரண்டு அட்டைகளுக்கும் எண்ணை மாற்றி அடித்தாள். பிரபு வீடு நான்காம் தரமானது. பட்டறை முதல் தரமானது. அட்டைகள் அறுநூற்றுப் பன்னிரண்டும் கட்டாகக் கட்டப்பட்டு, முத்திரை வைக்கப்பட்டு, அரசாணையாக வெளிவந்தன.

நான்கு வருஷம் யாருக்கும் தெரியவில்லை. 1998-ல் கசியானோ மஞ்சள் கோப்பில் ஒரு விண்ணப்பத்தோடு வந்து நின்றார். ஆலங்கட்டி மழையில் தகரம் ஓட்டையாகிவிட்டது, மாற்ற வேண்டும். எதெல்வினா அட்டையை எடுத்துப் படித்தாள். 'ஒரே கல்லில் செதுக்கிய வாசல். இருபுறமும் மாதுளைக் கொடி. முற்றத்தைச் சுற்றிப் பன்னிரண்டு தேவதாரு மரத் தூண்கள். மாடிச்சுவரில் சுண்ணாம்புப் பூச்சின் கீழ் பழைய ஓவியம். தரம்: ஒன்று.' அது பக்கத்துப் பிரபு வீட்டின் வர்ணனை என்று அவளுக்குப் புரிந்தது. நாளை வரச் சொல்லி அவரை அனுப்பிவிட்டு நேராக இயக்குநர் அறைக்குப் போனாள்.

அவளுடைய பணிக்காலத்தில் பதினொரு இயக்குநர்கள் வந்து போனார்கள், அப்போதிருந்தவர் மூன்றாமவர். பொறுமையாகக் கேட்டார்.

"அட்டைய மாத்தணும்னா தரம் பிரிக்கற கமிஷன் கூடணும்மா."

"கூட்டிடலாமா சார்?"

"கமிஷன்னு ஒண்ணே இன்னும் அமைக்கல. அமைச்சாலும், ஒரு அட்டை தப்புன்னு ஒத்துக்கிட்டா மிச்சம் அறுநூத்துப் பதினோரு பேரும் நாளைக்கே படியேறி வந்து எங்களோடதும் தப்புன்னு நிப்பாங்க. விடு. பட்டறைதானே, என்ன ஆயிடும்?"

எதெல்வினா விடவில்லை. பிழையைத் திருத்தக் கோரி ஒரு குறிப்பு எழுதி, பதிவு எண் போட்டு, உள்ளே அனுப்பினாள். பதில் வரவில்லை. மறு வருஷம் ஜனவரியில் அலுவலகம் திறந்த முதல் நாள் இன்னொன்று எழுதினாள். அதன் பிறகு ஒவ்வொரு ஜனவரியிலும் எழுதினாள். கசியானோவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லாததற்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் இருந்தது. கடைசியில் இத்தனை வருஷம் சொல்லாததே காரணமாகிவிட்டது.

கசியானோவோ, முதலில் திட்டினார். பிறகு அட்டையின் நகல் ஒன்று கேட்டு வாங்கிப் படித்தார். பிறகு அதைச் சட்டம் போட்டு, டயர்களுக்கு மேலே மாட்டினார்.

"எங்கப்பா இந்த இடத்த வாங்கினப்ப எல்லாரும் சிரிச்சாங்க தோன்யா. இங்க என்னமோ இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்க."

முதல் தரத்துக்கென்று துறை கொடுத்த பித்தளைத் தகட்டைக் கதவில் திருகி மாட்டினார். கார்னிவல் செவ்வாயன்று எல்லாரும் வீட்டு மூலைகளுக்குச் சிச்சா என்ற சோளக் கள்ளைத் தெளிக்கும்போது, அவர் முதல் சொட்டைத் தகட்டுக்குத் தெளித்து அதற்குக் காகித மாலை போட்டார். மாதுளைக் கொடியை நெடுநாள் தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில், ஜாக்கி வைப்பதற்குப் பயன்படுத்திவந்த ஒரு மூலைக்கல்தான் அந்த வாசலின் மிச்சம் என்று தீர்மானித்து, அதன்மேல் ஜாக்கி வைப்பதை நிறுத்தினார். பன்னிரண்டு தூணில் ஐந்துதான் கண்ணுக்குத் தெரிந்தன. மற்ற ஏழும் சுவருக்குள் இருப்பதாக வைத்துக்கொண்டார்.

மழைக்காலத்தில் பட்டறைக்குள் பதினேழு வாளிகள் இருக்கும். எந்த வாளி எங்கே என்று எதெல்வினாவுக்கு மனப்பாடம். கசியானோ மகள் பிறந்ததும் ஞானத்தாயாக இருக்கக் கேட்டபோது அவளால் மறுக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவள் அவருக்குக் கொமாத்ரே, அவர் அவளுக்குக் கொம்பாத்ரே. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் நிலக்கடலை சூப் குடித்தாள். குழந்தைக்குச் செருப்பு, நோட்டுப் புத்தகம், தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் நாளுக்கு வெள்ளைச் சட்டை என்று வாங்கிக் கொடுத்தாள். திங்கட்கிழமைகளில் அவருடைய கூரை விண்ணப்பத்தை நிராகரித்தாள்.

2016-ல் பிரபு வீட்டில் தனியாக இருந்த கிழவி இறந்துபோனாள். அவளுடைய அண்ணன் மகன், வக்கீல் ரெமிஹியோ உர்தினினேயா, சாந்தா குரூஸிலிருந்து வந்து இறங்கினார். ஒரு வாரத்தில் இடிப்பு விண்ணப்பம் எதெல்வினாவின் மேஜைக்கு வந்தது. அந்த இடத்தில் எழும்பப்போவது ஐந்து மாடி, நீலக் கண்ணாடி. எல்லா நகல்களும் இருந்தன, நான்காவதும்கூட. நான்காம் தர வீட்டுக்கு இடிப்பு அனுமதியை ஐந்து வேலை நாளில் கொடுத்தே ஆக வேண்டும்; அவள் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டால் முடிந்தது.

அவள் போய்ப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாகத் தெருவிலிருந்தே பார்த்த வாசல். உள்ளே தூண்கள் கறுத்து, கிழவி வளர்த்த ஜெரேனியத் தொட்டிகளுக்கு நடுவே நேராக நின்றன. மாடிச்சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் ஒரு தேவதூதனின் கால் தெரிந்தது, வெள்ளிக் கொக்கி வைத்த செருப்போடு. எதெல்வினா அதை அளந்தாள். பதினெட்டு சென்டிமீட்டர். அளக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அலுவலகம் வந்து அறிக்கை எழுதினாள். பதினொன்றாவது இயக்குநர், ஆர்க்கிடெக்ட் லிம்பெர்ட் என்ற இளைஞர், படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தோன்யா எதெல்வினா, இன்ஸ்பெக்டர் கவனிக்கலாம். கண்டுபிடிக்கக் கூடாது. அட்டையில நாலாம் தரம். நீங்க ஒண்ணாம் தரம்னு எழுதினா எது அரசாணை?"

"அட்டை தப்பு சார். பதினெட்டு வருஷமா எழுதிட்டு வரேன்."

"எங்க?"

"உங்க பின்னாடி இருக்கற அலமாரியில."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அட்டையில இருக்கறத வெச்சு எழுதுங்க. வேற எதையும் வெச்சு எழுதாதீங்க."

அறிக்கை விஷயத்தில் மேலதிகாரி சொன்னதைச் செய்யாமல் அவள் இருந்ததில்லை. அட்டையில் இருப்பதை மட்டுமே வைத்து எழுத உட்கார்ந்தாள். எழுதும்போதுதான் விதிமுறையின் பதினேழாம் பிரிவு நினைவுக்கு வந்தது. அதையும் தட்டச்சு செய்தவள் அவளே. முதல் தரக் கட்டிடத்தோடு பொதுச்சுவர் உள்ள எந்த வீட்டையும், அந்த முதல் தரக் கட்டிடத்தின் உரிமையாளர் எழுத்தில் சம்மதிக்காமல் இடிக்கக் கூடாது. அட்டைப்படி முதல் தரக் கட்டிடம் எண் நாற்பத்து மூன்று. பொதுச்சுவர் இருந்தது, அதில்தான் கசியானோ டயர் மாட்டியிருந்தார். ஒரே ஒரு வரி எழுதினாள்: 'பிரிவு பதினேழின்படி திரு. கசியானோ யாங்கேயின் சம்மதம் தேவை.'

லிம்பெர்ட் அதை மூன்று முறை படித்தார். தப்பு எதுவும் இல்லாததால் கையெழுத்துப் போட்டார்.

சம்மதம் கேட்கும் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் எதெல்வினாவுடையதே. அதைக் கையில் வைத்துக்கொண்டு, விஷயத்தை மறைத்து அவரிடம் கையெழுத்து கேட்க அவளால் முடியவில்லை. பட்டறையில் கசியானோ ஒரு வோல்வோ லாரியின் அடியில் படுத்திருந்தார். பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது.

"வாங்க கொமாத்ரே. உள்ள போங்க, சூப் இருக்கு. சாப்ட்டுட்டுப் பேசலாம்."

"சாப்ட்டா சொல்ல முடியாது கொம்பாத்ரே. இப்பவே சொல்லிடறேன். உங்க பட்டறை முதல் தரம் இல்ல."

"எறக்கிட்டாங்களா?"

"எப்பவுமே இல்ல. தொண்ணூத்து நாலுல நான் அட்டைய மாத்தி அடிச்சுட்டேன். நீங்க மாட்டி வெச்சிருக்கறது பக்கத்து வீட்டோடது."

ஸ்பேனர் சத்தம் நின்றது. பிறகு அவர் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, மூலையைக் காட்டினார்.

"அப்ப அந்தக் கல்லு?"

"அது சும்மா கல்லுதான்."

"அது மேல ஜாக்கி வெக்காம பதினெட்டு வருஷமா குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு போச்சு."

"தெரியும்."

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நீங்க முதல் தடவ மனு கொண்டு வந்த அன்னைக்கே."

கசியானோ தலைக்கு மேலே தகரத்தைப் பார்த்தார். பிறகு வாளிகளைப் பார்த்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்து அவள் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"என் பொண்ணுக்கு ஜன்னி வந்துச்சே, கூரை ஒழுகின அந்த மழையில. நீங்கதானே ராப்பகலா பக்கத்துல உக்காந்து நெத்திக்குத் துணி போட்டீங்க."

"ஆமா."

"கடிதத்தை அங்க வெச்சுட்டுப் போங்க, தோன்யா எதெல்வினா."

கொமாத்ரே என்று சொல்லவில்லை. அவள் கடிதத்தை வைத்தாள். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டும் என்றாள். அவர் போட்டுக் கொடுத்தார்.

மறுநாளே வக்கீல் ரெமிஹியோ பட்டறைக்கு வந்தார். சம்மதம் கொடுத்தால் புதுக்கூரை, சிமெண்ட் தரை, இரும்புக் கதவு எல்லாம் தன் செலவிலேயே போட்டுத் தருவதாகச் சொன்னார். கசியானோ யோசித்துவிட்டு, இடிக்கப்போகும் வீட்டை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றார். பக்கத்து வீட்டிலேயே ஐம்பத்தாறு வருஷம் வாழ்ந்தும் அவர் உள்ளே போனதில்லை. கிழவி லாரிக்காரர்களை வாசலோடு அனுப்பிவிடுகிறவள். உரிமையாளர்கள் கூட்டாகப் பார்வையிடும்போது துறையின் ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் எதெல்வினாவும் போக வேண்டியதாயிற்று.

கசியானோ சட்டம் போட்ட அட்டையைக் கையில் எடுத்து வந்திருந்தார். வாசலில் நின்று மாதுளைகளைத் தடவிப் பார்த்தார். ஒரு பழம் வெடித்து, உள்ளே முத்துக்கள் ஒவ்வொன்றாகச் செதுக்கப்பட்டிருந்தன. முற்றத்தில் தூண்களை விரல் வைத்து எண்ணினார். பன்னிரண்டு. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினார். மாடிக்கு ஏறி, தேவதூதனின் செருப்புக்கு முன்னால் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். எதெல்வினா ஓரமாகச் சுவரோடு சுவராக நின்றாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். "என்னப்பா, பாத்தாச்சா? இந்தப் பழைய குப்பைய வெச்சுக்கிட்டு யாருக்கு என்ன பிரயோஜனம்? இங்க ஒரு கையெழுத்துப் போடு."

"டாக்டர், எனக்கு இதெல்லாம் மனப்பாடம்," என்றார் கசியானோ. வக்கீலையும் அந்த ஊரில் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். "பதினெட்டு வருஷமா தினமும் படிக்கறேன். எங்க இருக்குன்னுதான் தெரியாம இருந்துச்சு."

"அதனால?"

"கூடாது."

"கூரை வேண்டாமா உனக்கு?"

"வேணும். ஆனா நான் முதல் தரம் டாக்டர். கண்ட கூரையும் போட முடியாது."

வக்கீல் வழக்குப் போட்டார். ஒரு தகரக் கொட்டகை முதல் தரமாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். கல் வாசல் எங்கே, மாதுளை எங்கே, பன்னிரண்டு தூண் எங்கே என்று கேட்டு, பட்டறையை நாற்பது புகைப்படம் எடுத்து நீதிமன்றத்தில் கொடுத்தார். நீதிபதி ஒரு வயதான பெண்மணி. எல்லாப் படங்களையும் பார்த்தார். வக்கீல் சொல்வது சரி, இதில் வாசலும் இல்லை, தூணும் இல்லை என்று ஒப்புக்கொண்டார். அப்படியானால் அவை எங்கே இருக்கின்றன என்று துறையைக் கேட்டார். துறை, வேறு வழியில்லாமல், அலமாரியைத் திறந்து எதெல்வினாவின் இருபது குறிப்புகளையும் சமர்ப்பித்தது. அதற்குள் இன்னொரு ஜனவரி வந்து போயிருந்தது. நீதிமன்ற உத்தரவின் பேரில் கமிஷன் அமைக்கப்பட்டது, கூடியது, ரொட்டியடுப்புத் தெருவுக்கு வந்து சல்தென்யா சாப்பிட்டது, இரண்டு அட்டைகளையும் திருத்தியது. ஊரில் வேறு யாரும் தன் அட்டை தப்பென்று படியேறி வரவில்லை.

பிரபு வீடு முதல் தரமானது. வக்கீல் ரெமிஹியோ கோபம் தணிந்ததும் அதைத் தங்கும் விடுதியாக்கிக்கொள்ள விண்ணப்பித்தார். பட்டறை நான்காம் தரமானது. எதெல்வினாவுக்கு, 1994-ல் செய்த தட்டச்சுப் பிழைக்காக, எழுத்து மூலமான கண்டனம் கிடைத்தது. அலுவலகத்துக் கடிதங்களை அடிப்பது அவள்தான் என்பதால் அதையும் அவளே அடித்தாள். எண்களை இரண்டு முறை சரிபார்த்தாள்.

இந்த ஒன்றரை வருஷமும் கசியானோ அவளோடு பேசவில்லை. ஞானமகள் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் தூக்குப் பாத்திரத்தில் சூப் கொண்டுவருவாள். அப்பாதான் கொடுத்துவிட்டாரா என்று எதெல்வினா ஒருநாள் கேட்டாள். "அப்பா பாக்காத மாதிரி இருந்தாரு" என்றாள் பெண்.

தகட்டைக் கழற்ற எதெல்வினா ஸ்க்ரூ டிரைவரோடு போன அன்று அவர் வெளியே வந்து, அதை அவள் கையிலிருந்து வாங்கி, நான்கு திருகாணியையும் தானே கழற்றினார். துணியால் தகட்டைத் துடைத்தார். பக்கத்து வாசலுக்கு நடந்துபோய், கல்லில் படாமல் மரக்கதவில் தானே பொருத்தினார்.

2018 ஆகஸ்டில் புதுக்கூரை ஏறியது. நான்காம் தரத்துக்குப் பெரிய அனுமதி தேவையில்லை. தெருப்பக்கத்து இறவாரம் மட்டும் விதிப்படி இருக்கிறதா என்று கடைசியில் ஒரு பார்வை. ஏணி, சிச்சா, ஆட்டுக்கறி, சொந்தபந்தம் என்று பட்டறை நிறைந்திருந்தது. எதெல்வினாவை யாரும் அழைத்திருக்கவில்லை. அவள் வேலையாக வந்தாள். அளவு நாடாவைப் பிரித்து, ஏணியில் ஏறி, அளந்தாள்.

"எட்டு சென்டிமீட்டர் கூடுதல்," என்றாள்.

கசியானோவின் மச்சான் சிரித்தேவிட்டார். "தோன்யா, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? இவருக்கு நீங்க பண்ணினதுக்கு இன்னைக்கு எட்டு சென்டிமீட்டரா?"

கசியானோ கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஏணியடிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"எழுதாம விட முடியாதா?"

"முடியும்," என்றாள் எதெல்வினா. "ஆனா உங்க விஷயத்துல இனிமே தப்பா எழுத மாட்டேன்."

அவர் உள்ளே போய்த் தகரம் வெட்டும் பெரிய கத்தரியை எடுத்து வந்தார்.

"எறங்குங்க கொமாத்ரே, விழுந்து வெக்கப்போறீங்க. முதல்ல சாப்டுங்க. அப்புறம் நான் வெட்டறேன், நீங்க கோடு போட்டுக் குடுங்க."

அவள் இறங்கி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கிண்ணம் சூப் குடித்தாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு ஏணியில் ஏறினார்கள். நாடாவின் ஒரு முனையை அவள் பிடித்துக்கொள்ள, அவர் சாக்பீஸ் கோட்டின் மேல் தெருப்பக்கம் நெடுகிலும் வெட்டிக்கொண்டு போனார். வெட்டிய தகரம் சுருண்டு சுருண்டு கீழே விழுந்தது.